ஸ்டிக்கர் கழன்ற இரண்டு ட்யூப்கள்

யாரும் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் கிரேன் டிரைவருக்கு ஆறுதல்.

ரத்தம் எடுத்த நர்ஸ் பஞ்சு எடுக்கத் திரும்பிய நேரத்தில், ஒற்றைக் கையால் சட்டைக் கையை இறக்கிவிடும் வித்தையைக் காட்டப்போய், முழங்கை ஸ்டாண்டை இடித்துவிட்டது. இரண்டு ரத்த ட்யூப்கள் உருண்டு, பேர் ஸ்டிக்கர்கள் கழன்று விழுந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று, சற்றுமுன் ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்துபோன ஒல்லி வாத்தியாருடையது.

நர்ஸ் திரும்புவதற்குள் குத்துமதிப்பாக ஒட்டிவைத்துவிட்டு, பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் ரிப்போர்ட். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. "எண்ணெயைக் கண்டாலே ஓடுற மனுஷன், இவருக்கா இவ்வளவு கொழுப்பு?" என்று அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து கிரேன் டிரைவரும் மனைவியும் உள்ளே போனார்கள்.

"பிரமாதம்! கொலஸ்ட்ரால் நல்லா எறங்கியிருக்கே," என்றார் டாக்டர். "என்ன பண்ணீங்க?"

"மத்தியானம் கறிக்குப் பதிலா சோயா உருண்டை, டாக்டர்," என்றாள் மனைவி.

"சோயா மட்டும் மாயம் பண்ணாதும்மா. கறியை விட்டாரு பாருங்க, அதுவும் சேர்ந்துதான்."

எங்கே விட்டார்? மூன்று மாதமாக டிபன் பாக்ஸ் சோயா, கிரேன் நிற்கும் யார்டு நாய்க்கு. அதுவே சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இவருக்கு கேன்டீனில் கறிக்குழம்பு. "உங்களுக்குன்னே எலும்பில்லாம எடுத்து வச்சேன்ணே," என்று கேன்டீன்காரர் தன் கையாலேயே பரிமாறுவார்.

வாயைத் திறந்தால் வீடு ரெண்டாகும். மூடினாலோ, இவர் மாத்திரையை வாத்தியார் விழுங்குவார். இவர் இதயம் கிரேன் உச்சியில் என்றைக்கு மக்கர் பண்ணுமோ?

"டாக்டர், அது என் ரத்தமில்லே. வாத்தியாரோடது."

ஸ்டிக்கர், நாய், கேன்டீன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மனைவி இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

டாக்டர் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. மறுநாள் காலை இருவருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். "நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க!" என்று நர்ஸ் அதட்டினாள்.

ரிசல்ட் வந்தது. இருவருக்கும் கிட்டத்தட்ட நேற்று வந்த அதே அளவுதான்.

"ஒல்லியா இருந்தாலும் வரும்மா. இப்பவே தெரிஞ்சதே நல்லது, சரி பண்ணிடலாம்," என்று வாத்தியார் மனைவியைத் தேற்றி அனுப்பிய டாக்டர், இவர் பக்கம் திரும்பினார். "குத்துமதிப்பா ஒட்டினாலும் சரியாத்தான் ஒட்டியிருக்கீங்க."

"அதெப்படி டாக்டர்? மூணு மாசமா மூக்குமுட்டக் கறி தின்னவன் நான். எப்படி எறங்கும்? யாராச்சும் நேராச் சொல்லுங்களேன்!"

அவர் மனைவி ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"கேன்டீன்காரர் உங்க தட்டுல போட்டதும் நான் குடுத்தனுப்பின சோயாதாங்க!"