இடுப்புயரக் கோரை

வெள்ளம் வடிந்த வயலில் நெற்பயிர் அழுகிக் கிடந்தது. அதன் நடுவே முளைத்த கோரைப்புல்லுக்கு ஒரே ஆச்சரியம்.

"தலை தெரிந்தாலே பிடுங்கி எறிவாரே விவசாயி மாசிலாமணி! இப்போது இடுப்புயரம் வளர்ந்துவிட்டேன். தினமும் பார்த்துவிட்டுச் சும்மா போகிறாரே, ஏன்?"

"அதிகாரி வந்து என்னைப் பார்க்கணுமாம். அதுவரை வயலில் கைவைத்தால் நிவாரணம் கிடைக்காதாம்," என்றது அழுகிய நெல்.

"அதிகாரி எப்படி இருப்பார்?"

"யாருக்குத் தெரியும்? நானும் பார்த்ததில்லை."

ஒருநாள் ரோட்டில் ஜீப் வந்து நின்றது. மாசிலாமணி விழுந்தடித்து ஓடினார். அதிகாரி இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"பயிரு பச்சைப்பசேல்னு இருக்கேய்யா! இதுக்கு எதுக்கு நிவாரணம்?"

ஜீப் போய்விட்டது. மாசிலாமணி ரோட்டிலேயே நின்றார்.

கோரை மெல்லக் குனிந்து நெல்லிடம் கேட்டது: "பயிர் என்று அவர் யாரைச் சொன்னார்?"