விடுபட்ட வரி

“உந்த ஆப் திரும்பவும் ஒரு பிள்ளையை விழுங்கிப்போட்டுது, அக்கா.”

சஞ்சயன் திரையை விட்டுத் தலையைத் திருப்பாமலே சொன்னான். மெற்றில்டா குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அச்சு மெஷினின் மேலேயே வைத்துவிட்டாள்.

ஈஸ்ட் ஹாமில் அவள் நடத்தும் அச்சுக்கடைக்குச் சோறு போடுவது மரண அறிவித்தல்கள்தான். செத்த வீட்டுக்காரர் போனிலேயே விபரத்தை நிரப்பி அனுப்ப ஓர் ஆப் இருக்கிறது. ஓர் உறவுக்கு ஒரு வரி. இன்னோர் ஆள் இருந்தால் பட்டனை அமத்த அடுத்த வரி விரியும். ஒரு குடும்பம் ஆறு வரி அனுப்பும், இன்னொன்று அறுபது அனுப்பும்.

துண்டு துண்டாக வரும் அதையெல்லாம் பிள்ளைகள் ஓரிடம், மருமக்கள் ஓரிடம் என்று சேர்த்து, அவரவர் இருக்கும் நாட்டுப் பெயரையும் ஒட்டி, அறிவித்தலுக்குள் கொண்டுபோய் இறக்கும் ஏற்பாடு கடையில் வேலை செய்யும் சஞ்சயனுடையது. புரோகிராம் எழுதத் தெரியாதவன். திரையில் பெட்டிகளை இழுத்து இழுத்துக் கோத்தே செய்து முடித்திருந்தான்.

போன கிழமை அது ஒரு வீட்டின் கடைசி வரியைத் தின்றுவிட்டது. மருமகளின் பெயர் இல்லை. “உயிரோட இருக்கிற எங்கட பிள்ளையை அழிச்சுப்போட்டியள்” என்று அவளுடைய ஆட்கள் வந்து ஆடிய ஆட்டத்தில் பக்கத்து நகைக்கடையே வாசலுக்கு வந்துவிட்டது. இன்னொரு தரம் என்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“ஆரின்ரை அறிவித்தல்?”

“சிவனேஸ்வரி. ரெய்னர்ஸ் லேனில இருந்தவ.” பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொன்னான். “நாலு பிள்ளையள். மூண்டுதான் வருது.”

“விடிஞ்சதில இருந்து உதிலயே கிடக்கிறாய். சாப்பிட்டியோ?”

“பசிக்கேல்ல.”

ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தான். பொய்ப் பெயர்களால் கொஞ்ச வரிகளை நிரப்பி அனுப்பினான். ஒன்று குறையாமல் வந்தன. சிவனேஸ்வரியின் விபரத்தை மறுபடி ஓடவிட்டான். சுசிலா, ஜெயகௌரி, தர்சிகன். அவ்வளவுதான்.

“ஜெயகௌரிதான் மூத்தவ. முதல்ல வரவேணும்” என்று வரிசையை மாற்றினான். வீட்டுக்காரர் சொல்லியிருப்பார்கள் என்று மெற்றில்டா எண்ணிக்கொண்டாள்.

“மத்தியானத்துக்கிடையில குடுக்கவேணும் தம்பி. பிடிபடாட்டி விட்டிட்டுக் கையால ரைப் அடி.”

“இல்லை அக்கா. பிழை ஆப்பிலதான் இருக்கவேணும்.” அதையே இன்னொரு தரமும் சொன்னான்.

“இரு, அவையளையே கேக்கிறன்.”

“வேண்டாம்.”

அவன் சொல்லி முடிக்கமுன் அவள் நம்பரை அமத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். விபரம் அனுப்பிய சுசிலாவே எடுத்தாள்.

“தங்கச்சி, குறை நினையாதேங்கோ. அம்மாவுக்குப் பிள்ளையள் எத்தினை பேர்? எங்கட ஆப் ஒராளை விட்டிட்டுதோ எண்டு பயமாக் கிடக்கு.”

மறுமுனையில் ஆரோ அழுவது மட்டும் கேட்டது.

“மூண்டு பேர்தான் அக்கா. நான் அனுப்பினது சரி. அப்பிடியே போடுங்கோ.”

போனை வைத்தபிறகுதான் மெற்றில்டாவுக்கு மூச்சு வந்தது. அடுத்தாற்போல் கோபமும் வந்தது.

“ஆப் நல்லாத்தானே ஓடுது! காலமை முழுக்க என்ரை உயிரை எடுத்துப்போட்டாய். நாலு பிள்ளையெண்டு உனக்கு ஆரடா சொன்னது?”

சஞ்சயன் பிரிண்ட் பட்டனை அமத்தினான். மெஷின் இரைந்துகொண்டு முதல் தாளை வெளியே தள்ளியது.

“நாலாவது நான், அக்கா.”