மாடியில் யாரும் நடக்கக் கூடாது

அண்ணன் விழுந்தபோது சூரியன் முழுசாக மறைந்திருந்தது.

தொப்பென்று ஒரு சத்தம். பட்டப்பகலில் கவிந்த அந்த இருட்டில், விழுந்தது அண்ணன்தான் என்று புரியவே எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நான் தொலைநோக்கியின் மூக்குப் பக்கம், கையில் அதன் மூடியோடு நின்றிருந்தேன். இருட்டியதும் மூடியைக் கழற்ற வேண்டும், வெளிச்சம் வரும் முன் மாட்ட வேண்டும். இந்த வேலைக்குப் படிப்பு தேவையில்லை, தம்பியாகப் பிறந்தால் போதும். எதிரே அண்ணி மேஜையில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். திரை ஒருக்களித்து அவர் பக்கம் திரும்பியிருந்தது, நான் நின்ற இடத்திலிருந்து தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில், கருவியின் காலடியில் அண்ணன் கிடந்தார்.

ஒரு காலைத் தூக்கினேன்.

“அசையாதீங்க தம்பி. கேமரா ஓடிட்டிருக்கு.”

சொல்லிவிட்டு அண்ணி விட்ட இடத்திலிருந்து எண்ணினார்.

தூக்கிய காலை இருந்த இடத்திலேயே மெல்ல வைத்தேன். சட்டம் அண்ணி போட்டதல்ல, அண்ணன் போட்டது. இருட்டு முடியும்வரை இந்த மொட்டை மாடியில் யாரும் நடக்கக் கூடாது, தும்மக் கூடாது, மூச்சைக்கூட அளவாகத்தான் விட வேண்டும். போன வாரம் ஒத்திகையில் இருமினான் என்று, உதவிக்கு வந்திருந்த மாணவனை அன்றைக்கே மூட்டை முடிச்சோடு பஸ் ஏற்றிவிட்டார்.

அவர் அளக்க வந்தது அப்படிப்பட்டது. சூரியனை உரசிக்கொண்டு வரும் நட்சத்திர வெளிச்சம் சற்றே வளையும். அதனால் நட்சத்திரம் தன் இடத்திலிருந்து தள்ளி நிற்பதுபோலத் தெரியும். எவ்வளவு தள்ளி என்றால், எதிர் வீட்டு வாசலில் ஒருவர் ஒரு தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதன் தடிமன் நமக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு. அதே நட்சத்திரங்களை ஆறு மாதம் முன்பே ராத்திரியில் படமெடுத்து வைத்தாயிற்று. இன்றைய படமும் கிடைத்துவிட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நான் ஓர் அடி வைத்தால் மாடி அதிரும், எல்லாம் கலங்கிவிடும்.

இதற்காக அவர் கிரகணம் கிரகணமாக அலைந்தார். ஊர் ஊராக எங்களையும் இழுத்தடித்தார்.

போன கிரகணத்தின்போது அண்ணிக்கு ஐந்தாம் மாதம். அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் உள்ளங்கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அண்ணி இருந்தார். வெளிச்சம் வந்து, கருவியை மூடி, துணி போர்த்திய பிறகுதான் அண்ணன் வண்டியை எடுக்கச் சொன்னார். குழந்தை தங்கவில்லை. படங்களும் தேறவில்லை, மெல்லிசாக மேகம் படர்ந்திருந்தது.

அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி குடிக்கும்போது அண்ணனுக்கு ஒரு கதை உண்டு. “எங்க வீட்டுக்காரி மாதிரி ஒரு கேமரா ஸ்டாண்டு எந்தக் கடையிலயும் கிடைக்காது. வலி உயிர் போகுது, துளி அசையலயே.” வந்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். குழந்தை போனதை மட்டும் சொல்லமாட்டார்.

கீழே அண்ணன் முனகினார்.

அவருக்கு நெஞ்சு வலி வருவது இது முதல் தடவையல்ல. நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரை அண்ணியின் கைப்பையில் இருந்தது. அண்ணனிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவார் என்று டாக்டரே அண்ணியிடம்தான் கொடுத்திருந்தார். கைப்பை அவர் நாற்காலியின் முதுகில் தொங்கியது. கையைப் பின்னால் நீட்டினால் போதும்.

அண்ணி எண்ணிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

அண்ணன் கையைத் தரையிலிருந்து தூக்கி, உள்ளங்கையைக் காட்டி ஆட்டினார். வா என்கிறாரா, அசையாதே என்கிறாரா? என் வயதுக்கு அவரிடமிருந்து நான் பார்த்ததெல்லாம் இரண்டாவதுதான். அதனால் நின்றேன். பெற்றவர்கள் போன பிறகு என்னை வளர்த்தவர் அவர். அடித்துத்தான் வளர்த்தார், ஆனாலும் வளர்த்தார். இந்தப் படம் கெட்டுப்போனால் பிழைத்து எழுந்தாலும் என் முகத்தில் விழிக்கமாட்டார். அதற்குத்தான் நான் பயந்தேன். அவர் செத்துப்போவார் என்று அல்ல.

தலைக்கு மேலே கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய் என்னவோ விரிந்திருந்தது. எல்லோரும் அழகு என்கிறார்கள். நான் சரியாகப் பார்க்கவில்லை.

அண்ணி மூடியைப் போடச் சொன்னார். போட்டேன். ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் பீறிட்டது, தெருவில் யாரோ கைதட்டினார்கள், நாய்கள் குரைத்தன.

ஓடினேன். அண்ணனின் கை எப்போதோ நின்றுபோயிருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது, அவர் தோளுக்கு அடியில் ஒரு கறுப்பு ஒயர் நசுங்கிக் கிடந்தது. கேமராவிலிருந்து மடிக்கணினிக்குப் போகும் ஒயர். விழும்போது கையோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். முனை வெறுமனே கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். இங்கிருந்து, பக்கவாட்டில், திரை எனக்கும் தெரிந்தது. கேமரா இணைப்பு இல்லை என்று சிவப்பில், திரையின் பாதிக்குப் பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழே இணைப்பு அறுந்த நேரம். அண்ணன் விழுந்த நேரம்.

அத்தனை நேரமும் அந்த எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் அண்ணி எண்ணியிருக்கிறார்.

அவர் மடிக்கணினியை மூடினார். எழுந்து, புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கீழே போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஓட வேண்டாம், படி வழுக்கும் என்றார்.