பெரியவர் தூக்காத கை

"வலது கையை இறக்குங்க! எத்தனை தடவை சொல்றது?"

யோகா மாஸ்டரின் அதட்டலில் தையல்காரர் அவசரமாக வலது கையைத் தோளுக்குக் கீழே கொண்டுவந்தார். இடது கை மட்டும் கூரையைப் பார்த்து நின்றது. இடப்பக்கம் சாய்த்து வைத்திருந்த கழுத்து விண்விண்ணென்று தெறித்தது.

சுற்றிலும் இருபது பேர். எல்லோருடைய வலது கையும் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. முன்சுவரின் பெரிய திரையில், இந்த யோகாவைப் பரப்பிய பெரியவரும் அப்படித்தான் நின்றார். அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அவருடைய கடைசி வீடியோதான் இங்கே பாடம்.

"இதுக்குப் பேரு அர்த்த முத்திரை, அதாவது பாதி முத்திரை" என்று மாஸ்டர் புதிதாக வந்தவர்களுக்காக மறுபடியும் ஆரம்பித்தார். "வலது பக்கம் சூரிய நாடி. அந்தச் சூட்டை மேல விடாம பாதியில கட்டணும். வேற எந்த சென்டர்லயும் இது கிடைக்காது."

தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினில் குனிந்து குனிந்து வந்த கழுத்து வலிக்காகத்தான் இங்கே சேர்ந்தார். இரண்டு மாதத்தில் வலி தோளுக்கும் இறங்கி, இப்போது கத்திரிக்கோலைப் பிடித்தால் விரல் மரத்துப்போகிறது. நேற்று ஒரு கோட்டுத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டார். முப்பது வருடத் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை. கை போனால் கடை போச்சு.

காலையில் மனைவி சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்தியது வேறு காதிலேயே நின்றது. "ஒரு மீட்டர் லைனிங் துணி எடுக்க நாலு கடை ஏறி இறங்குவீங்க. பிரிச்சுப் பார்த்து, இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவீங்க. கழுத்தைக் குடுக்கறப்ப மட்டும் வாசல்ல போர்டைப் பார்த்துட்டுக் குடுத்துட்டு வந்திருக்கீங்க!"

சட்டை மேல் அவளுக்கு என்ன கோபம் என்றால், வலது தோள் முழுக்க எண்ணெய்க் கறை. வகுப்புக்கு முன்னால் வலது தோளில் மட்டும் மூலிகைத் தைலம் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கே சட்டம். வீடியோவின் ஆரம்பத்தில் பெரியவர் அப்படித்தான் பொறுமையாகத் தேய்த்துக்கொள்கிறார். இடது தோளை அவர் தொடுவதே இல்லை.

இன்றைக்குக் கேட்டே விடுவது என்று தையல்காரர் வாயைத் திறந்தார்.

"மாஸ்டர், வலி ஜாஸ்திதான் ஆகுது. விரலெல்லாம் மரத்துப்போகுது."

"நல்லது. உள்ள இருக்கற கழிவு வெளியேறுது. பொறுத்துக்கங்க."

"ரெண்டு மாசமாவா வெளியேறுது? எனக்குள்ள என்ன குப்பைக் கிடங்கா இருக்கு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டரின் முகம் சிவந்தது. "பெரியவரே கையைத் தூக்கல. அவரைவிட நீங்க பெரிய ஆளா?"

"ஒரு நிமிஷம்."

குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். இன்றுதான் முதல் நாள். செருப்பு வைக்கும் இடத்திலேயே தையல்காரரை மடக்கி, மாஸ்டர் யாரிடம் படித்தார், எத்தனை வருடம் படித்தார் என்று போலீஸ் மாதிரி விசாரித்தவள். எதிர்த்தெரு சென்டர்க்காரன் அனுப்பிய ஆள் என்று அப்போதே அவர் முடிவு கட்டியிருந்தார்.

"நீங்க பெரியவர்கிட்ட நேர்ல கத்துக்கிட்டீங்களா?" என்று அந்த அம்மாள் மாஸ்டரைக் கேட்டாள்.

"வீடியோ பார்த்துதான். அதுலயே எல்லாம் இருக்கு."

"அவரோட பழைய வீடியோ எதுலயும் இந்த முத்திரை இல்லையே. ரெண்டு கையையும் நல்லாத்தானே தூக்கறாரு?"

மாஸ்டர் பரிதாபப்பட்டுச் சிரித்தார். "அப்ப அவருக்கு ஞானம் முழுசா வரலம்மா. கடைசியிலதான் வந்துச்சு."

அந்த அம்மாள் விறுவிறுவென்று முன்வரிசைக்கு வந்து தையல்காரரின் பக்கத்தில் நின்றாள்.

"இந்த மனுஷன் விரல் மரத்துப்போகுதுங்கறாரு. முதல்ல போய் டாக்டரைப் பாருங்கன்னு உங்க வாயில வந்துச்சா? வலி எங்கேன்னு தொட்டாவது பார்த்தீங்களா? ஒருத்தர் உடம்பைக் கையில எடுக்கறதுக்கு ஒரு வீடியோ போதுமா?"

தையல்காரருக்கு அவள் மேல் இருந்த சந்தேகமெல்லாம் பறந்துபோனது. தான் கேட்டிருக்க வேண்டியதை வேறொருத்தி கேட்கிறாளே என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அதானே! பொழப்பே இந்தக் கையிலதான்யா இருக்கு!" என்று அவரும் சேர்ந்து கத்தினார். "இப்பச் சொல்லுங்க, எதுக்கு இதைப் பாதியில நிறுத்தணும்?"

"அது பெரியவருக்குத்தான் தெரியும்! அவர் செஞ்சா அதுல ஆயிரம் அர்த்தம் இருக்கும்!" மாஸ்டர் அந்த அம்மாள் பக்கம் திரும்பி வாசலைக் காட்டினார். "கலாட்டா பண்ணவே வந்தீங்களா? அவரைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன தகுதி இருக்கு? வெளிய போங்க!"

அவள் அசையவில்லை. திரையில் பாதிக் கையோடு நின்ற பெரியவரையே பார்த்தாள். கண் கலங்கியது; குரல் மட்டும் கலங்கவில்லை.

"அவர் எங்கப்பா. இந்த வீடியோ எடுத்த வாரம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு, கையைத் தூக்க முடியல!"