வெள்ளிக்கிழமைக் கோழி

“பிள்ளை சாப்பாடு திருடுறாளா?” என்று இந்திரகுமாரி கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“திருடுறாளாவா? கொள்ளையே அடிக்கிறா டாக்டர்!”

கேட்டது தாய் தனேஸ்வரியிடம். சொன்னது நாத்தனார் நாகமணி. அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் நாகமணிதான் பதில் சொல்வார்.

இந்திரகுமாரி டாக்டரே இல்லை, பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி. இரண்டு தடவை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

தனேஸ்வரியின் மகள் யாஷ்வினிக்கு அபூர்வமான மரபணுக் கோளாறு. எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைந்தது அவளுக்குத் தெரியாது. அதனால் வரும் அடம், அழுகை, திருட்டு எல்லாவற்றையும் அளந்து புள்ளி போடத்தான் இந்திரகுமாரி தஞ்சோங் காராங் தோட்டம் வரை வந்திருந்தாள். புள்ளி ஏறினால் சிறப்பு வகுப்பில் இடம் கிடைக்காது.

“கத்துவாளா?”

“எப்பவாச்சும்...” என்றாள் தனேஸ்வரி.

“எப்பவாச்சுமா? கம்பத்துச் சனமே எந்திரிச்சிடும்லா!”

“சாப்பாடு எப்போ காணாமப் போகுது?”

தனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். “வெள்ளிக்கிழமதான். அன்னிக்கி எனக்கு பாசிர் பெனம்பாங் மீன் பேக்டரியில ஓவர்டைம். அண்ணிதான் பிள்ளையப் பாத்துக்குவாங்க. வெள்ளிக்கிழம நாங்க கறி தொடமாட்டோம். அதனால முந்தின நாள் ஆக்கின கோழிப் பெரட்டல் மங்குல மூடி ஐஸ்பெட்டியில அப்படியே இருக்கும். வேல முடிஞ்சு வந்து பாத்தா மங்கு காலி.”

“பூட்டிப் பாக்கலயா?”

“பூட்டி, சாவிய அண்ணிகிட்டதான் குடுத்துட்டுப் போறேன்.”

“நான் கொஞ்சம் கண்ணசந்தா போதும், உருவிடுறா” என்றார் நாகமணி. “யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டுக் கட்டுப்படியாகுமா?”

நெற்றி நிறைய விபூதியும் கழுத்தில் ருத்திராட்சமுமாக அவர் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

“நானும் வெள்ளிக்கிழம விரதம் டாக்டர். இந்தப் பிள்ளைக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டது. பச்சத் தண்ணி பல்லுல படாது. எனக்குப் பசிக்கலயா? மனசு வேணும்லா. இவ அம்மா கண்டிச்சு வளக்கல. அதுக்குப் பேரு நோயாம்!”

தனேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“பள்ளிக்கூடப் பையெல்லாம் வாங்கி வச்சிருக்கா டாக்டர். சேத்துக்குவாங்களா?”

வாரம் தவறாமல் பூட்டை உடைக்காத குறையாகத் திருடும் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்? இந்திரகுமாரி திருட்டுக்கு முழுப் புள்ளி போட்டாள்.

இனி பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஆராய்ச்சி விதி அப்படி. மூலையில் பொம்மைக்குத் தலைசீவிக்கொண்டிருந்த யாஷ்வினியை அழைத்தாள்.

“அதுகிட்ட என்னா கேக்குறது? நான் சொல்றேனே!” என்று நாகமணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இல்லம்மா, அவதான் சொல்லணும். யாஷ்வினி, வெள்ளிக்கிழம அந்தக் கோழிய நீ சாப்பிட்டியாடா?”

“இல்ல.”

“பாத்தீங்களா, பொய் வேற!”

“ஆசையா இல்லையா உனக்கு?”

“ரொம்ப ஆச. வயிறு வலிக்கும்.” யாஷ்வினி வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். “அத்தை சாப்பிடுறப்போ பக்கத்துலயே உக்காந்திருப்பேன். ஒரே ஒரு துண்டு கேட்டேன். வெள்ளிக்கிழம கறி தின்னா சாமி கண்ணக் குத்தும்னாங்க. அதான் அக்கா, நான் தொடவே இல்ல.”