வழிவிட்ட மலைச்சாலை

மலைக்கோயிலில் புது காருக்குப் பூஜை போட்ட பூசாரி, கல் மாதிரி கெட்டியான எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொடுத்தார். நாச்சிமுத்து அதை எல்லோரையும் போல ஸ்டியரிங்குக்கு மேலே, கண்ணாடியோரமாக வைத்துக் கிளம்பினார்.

சாலை மெல்லச் சரிந்து இறங்கியது. எதிரே ஏறி வந்த பஸ் ஓரங்கட்டி நின்றது. முன்னால் போன கார்களும் விலகி வழிவிட்டன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிரேக்கை மிதிக்கிற வேலையே வரவில்லை.

"ஏனுங்க, மந்திரிக்கு ஒதுங்கறாப்புல ஒதுங்கறாங்க!" என்றாள் மனைவி கோகிலா.

"புது வண்டிக்கு இருக்கற மருவாதி அது."

செல்போன் கோபுரங்கள் வழியே வண்டிகள் தமக்குள் ஓயாமல் பேசிக்கொள்கிற காலம். ஆபத்தைச் சொன்னால் ஓட்டுகிறவர்கள் பதறிக் காரியத்தைக் கெடுக்கிறார்கள் என்று, ஆபத்திலிருக்கிற வண்டிக்காரரிடம் சொல்வதை மட்டும் நிறுத்தியிருந்தார்கள்.

பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. நாச்சிமுத்து ஒதுங்கிக் கைகாட்டினார். அது முந்தவில்லை. சைரன் இல்லாமல், அவர் வேகத்திலேயே தொடர்ந்தது.

கோகிலா திரும்பிப் பார்த்தாள். "டிரைவர் பக்கத்துல ஒரு நர்ஸ் பொண்ணு. நம்மளையே பார்த்துட்டு கையுறை மாட்டிட்டிருக்குதுங்க."

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. அதற்கப்பால் சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. நாச்சிமுத்து பிரேக்கை மிதித்தார். பெடல் இறங்கவில்லை. அடியில் உருண்டையாக ஏதோ தடுத்தது.

நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியோரம் எலுமிச்சம்பழத்தைக் காணவில்லை.