நிற்காத ரம்பம்

புயலில் சாய்ந்த பலாமரம் வில்சனின் வீட்டைக் கூரையோடு அமுக்கிக் கிடந்தது. அடியில் அவன் மனைவி லீலா. கிளைகளை அறுக்க அவன் கொண்டுவந்த பெட்ரோல் ரம்பமோ, விசையிலிருந்து விரலை எடுத்தாலே அணைந்துபோனது. அணையும்போதெல்லாம் அவள் குரல் கேட்டது: “உசிரோடதான் கெடக்கேன். நீங்க அறுங்க.”

“பேசிட்டே இரி, லீலா!”

ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் மெலிந்துகொண்டே வந்தது. வில்சன் ரம்பத்தின் காற்று வடிகட்டியில் அடைத்திருந்த தூளைத் தட்டினான். பக்கத்துத் திருகைச் சற்று முடுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தான். இப்போது விரலை எடுத்த பிறகும் ரம்பம் சீராக உறுமிக்கொண்டிருந்தது.

பெரிய கிளை அறுந்து உருண்டது. அடுத்ததை அறுக்குமுன் அவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அதற்கு ரம்பத்தை நிறுத்த வேண்டும். கட்டைவிரல் நிறுத்தும் பொத்தானின் மேல்தான் இருந்தது. அழுத்த அவனுக்குத் தைரியம் வரவில்லை.